ஒன்று புள்ளி ஒன்று

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று
சுயம்புலிங்கம் கோட்டாரில் இறங்கி
ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார்,
தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார்.

பதினோராம் நாள் ராத்திரி
என் இடது கெண்டைக்கால் கல்லாய்ப் போனது.
வலது கையில் சுண்டுவிரல்
யாரையோ கூப்பிடுவது போல
மடங்கி மடங்கி நிமிர்ந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சிப்ஸ் தின்று வாய்கூடக் கழுவாத தெருவிடம்
என்னவென்று போய்ச் சொல்வது?

சாமித்தோப்பு உப்பளத்தில்
பதினெட்டு வருஷமாக எடைக்கணக்கு எழுதுகிறேன்.
அந்த வாரம் என் எட்டுகள் எல்லாம் உடைந்து விழுந்தன.
லோடு ஏற்ற வந்த டேவிட்சன்
சிட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அக்கா, இது எட்டா, செத்த றாலா?"

ஆசாரிபள்ளத்தில் ரத்தம் எடுத்தார்கள்.
மக்னீசியம் ஒன்று புள்ளி ஒன்று.
பொட்டாசியமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு
கூடவே இறங்கியிருக்கிறது.
கன்னமெல்லாம் பருவோடு ஒரு பயிற்சி டாக்டர்,
அபிஷாவைவிட இரண்டு வயது மூத்திருப்பாள்,
என் காதுக்கு முன்னால் விரலால் தட்டினாள்.
உதடு தானாக ஒரு பக்கம் இழுத்தது.
அவளுக்கு அது சந்தோஷம். புத்தகத்தில் படித்தது
நேரில் வந்திருக்கிறது.

"உங்களுக்கு ஏற்றின மருந்தில் பிளாட்டினம் உண்டு.
கட்டியைக் கொன்னுட்டு
போற வழியில கிட்னி மடையையும் உடைச்சிட்டு.
எவ்வளவு தின்னாலும் ஒழுகும்.
சரியாகும், அம்மா. மாசம் ஆகலாம்.
வருஷமும் ஆகலாம்."

தங்கத்தை அடகு வைத்துவிட்டுப் போனவளுக்கு
பிளாட்டினம் ஏற்றியிருக்கிறார்கள்.

மடை எனக்குத் தெரியும்.
உப்பு விளைந்த பாத்தியில்
மிஞ்சும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.
எண்ணெய்போல் கொழகொழவென்று கிடக்கும், கசக்கும்.
விடாவிட்டால் உப்பும் கசந்துபோகும்.
அதில் என்ன இருக்கிறது என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
இப்போது அளத்து கெமிஸ்டிடம் கேட்டேன்.
தலை நிமிராமலே சொன்னார்: "மக்னீசியம்தான், வேறென்ன?"

பதினெட்டு வருஷம்.
எத்தனை டேங்கர், ஓடையில்.

யாரும் பார்க்காத மத்தியானம்
ஓடைக்கரையில் குனிந்து விரலைத் தோய்த்து நக்கினேன்.
குடித்தால் வயிறு கழியும், கூடாது என்று தெரியும்.
குடிக்கவில்லை.
எனக்குள்ளிருந்து போவதன் ருசி
என்னவென்று பார்க்கணும்போல் இருந்தது,
அவ்வளவுதான்.

மாத்திரை போட்டால் வயிறு இளகுகிறது.
இளகினால் போட்டது போகிறது.
நாத்தனார் கேட்கிறாள்:
"எல்லாம் தீந்தாச்சே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?"
சுயம்புலிங்கம் முந்திரி உடைக்கிறார்,
பூசணி விதை காயவைக்கிறார்.
செந்துளுவன் ஒன்று போதும் என்றால்
கூட ஒரு மட்டிப்பழம் வைக்கிறார்,
அது சின்னதாம், கணக்கில் வராதாம்.

செவ்வாய்க்கிழமை தோறும் டிரிப்.
நான்கு மணி நேரம்.
ஷீபா சிஸ்டர் சொட்டை எண்ணி வைப்பாள்.
"தங்கபுஷ்பம், சூடா இருக்கா?"
காது மடல்வரை இருக்கிறது.
வெயிலில் பாத்தி காய்கிற மாதிரி
ஒரு மிதமான எரிச்சல்.
கையைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன்.
சுண்டுவிரல் சும்மா இருக்கும்,
ஒரு நாள், சிலநேரம் இரண்டு நாள்.

நேற்று ராத்திரி மறுபடி கால் பிடித்தது.
நான் கத்தவில்லை. கட்டில்தான் கத்தியது.
அவர் விளக்குப் போடாமல் எழுந்து
என் கால் விரல்களைப் பின்னால் மடக்கிப் பிடித்தார்,
கண் திறந்ததா என்றே தெரியவில்லை.
"இந்த வாரம் எவ்வளவு?"
"ஒன்று புள்ளி நாலு."
"கூடித்தானே இருக்கு," என்றார்.

பிறகு குறட்டை.
விரல்களை விடவில்லை.